நடுவில் பட்டை

என்னைக் கூப்பிட்டால் வெட்டத்தான் கூப்பிடுவார்கள்.
பதினேழு வருஷமாய்
மின்சார லைனுக்குக் குறுக்கே வந்த
கொப்பு, கிளை, முழு மரம் எல்லாம்
இந்தக் கையால்தான் விழுந்தது.
அதனால், மஸ்கெலியா மேல்கணக்கில்
ஆறாம் நம்பர் லயத்துக்குப் பின்னால்
அந்த டர்பன்டைனைக் காட்டியபோது
விழுத்த ஒரு பக்கத்தைத்தான் முதலில் தேடினேன்.

பக்கம் இல்லை.
கீழே பன்னிரண்டு காம்பரா, மேலே சரிவு,
இடப்புறம் பீலி, வலப்புறம்
இன்னும் கூரை போடாத பிள்ளை மடுவம்.

"வெட்டக் கூடாது" என்றார்
பேராதனையிலிருந்து வந்த தில்ருக்ஷி மிஸ்,
தமிழில், யோசித்து யோசித்து.
"வெட்டினால் வேர் சாகும்.
வேர் சாக அஞ்சு வருஷம்.
அதுக்குப் பிறகு ஒரு மழை..."
மீதியைக் கையால் காட்டினார்.
உள்ளங்கை சரிந்து இறங்கியது.
இஸ்தோப்பில் நின்ற பெண்கள்
அந்தக் கையையே பார்த்தார்கள்.

பதினெட்டடி உயரத்தில் மரம் இரண்டாகப் பிரிகிறது.
தூரத்தில் பார்த்தால்
தோளோடு தோள் ஒட்டி நிற்கிற இரண்டு பேர்.
ஏறிப்போய்க் கவையில் கத்தியை விட்டேன்.
பிடி வரை போயிற்று.
உள்ளே மரமில்லை, பட்டை.
தடிக்கத் தடிக்க இரண்டும்
தங்கள் பட்டையை நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டு
எந்தத் துரை நட்ட காலத்திலிருந்தோ
ஒட்டியதுபோல் நின்றிருக்கின்றன.

அடைக்கலம் அண்ணன் ஸ்டோருக்குப் பின்னாலிருந்து
பழைய கொழுந்துக் கம்பியை இழுத்துக்கொண்டு வந்தார்.
அவருடைய தகப்பன் காலத்தில்
சாக்குச் சாக்காய்க் கொழுந்து
அந்தரத்தில் அதில் இறங்குமாம்.
"எத்தன பாரம் தாங்குன கம்பி, இதப் போடு தம்பி."
மடக்கிப் பார்த்தேன். உள்ளிழை
மிளகாய்த்தூளாய் உதிர்ந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சுருட்டிக் கோழிக்கூட்டுக்கு மேல் வைத்தார்.
புதுக்கம்பி ஹட்டனிலிருந்து வந்தது,
காம்பராவுக்குக் காம்பரா பிரித்த காசில்.
துரை கையெழுத்து மட்டும் போட்டார்.

துறப்பணம் இறங்கியபோது ஒரு வாசனை,
சளி பிடித்த பிள்ளைக்கு வேது பிடிக்கிற வாசனை.
லயமே மூக்கை உறிஞ்சியது.

"சுத்திக் கட்டுனாப் போதாதா? எதுக்கு ஓட்ட?"
கேட்டது வெள்ளைத்தாயி, கையில் வாளி.
சுற்றிக் கட்டினால்
மரம் தடிக்கும், கம்பி தடிக்காது,
கழுத்தை நெரித்துவிடும் என்றேன்.
நடுவால் துளைத்துப் போனால்
காயத்தைச் சுற்றி மரமே மூடிக்கொள்ளும்.
கொஞ்ச நேரம் நின்றாள்.
"அப்ப நம்மளச் சுத்தித்தான் கட்டிருக்காங்க" என்றாள்.
தண்ணீருக்குப் போய்விட்டாள்.

கவைக்குக் குறுக்கே இரண்டு இரும்புத் தண்டு.
கவைக்கும் உச்சிக்கும் இடையில்
மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கம்பி.
எனக்கு இறுக்கத்தான் தெரியும்.
முறுக்கிக்கொண்டே போனேன்.
கீழேயிருந்து மிஸ் கத்தினார், "போதும்! போதும்!"
காற்றில்லாத நாளில்
கம்பிக்கு வேலை இருக்கக் கூடாதாம்.
மரம் தன் காலில்தான் நிற்க வேண்டுமாம்.
அரைச்சுற்று திருப்பி விட்டேன்.

வருஷத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று
எழுதிக் கொடுத்துப் போனார்.
யார் பார்ப்பது என்ற இடம் வெறுமையாய் இருந்தது.
அடைக்கலம் அண்ணன் என்னைக் கேட்கவில்லை.
பேனாவை வாங்கி என் பெயரை எழுதினார்,
எழுத்துப் பிழையோடு.

ஆனியில் காற்று எழும்பிய இரவு
நான் நோர்வூட்டில்,
தகரம் அடிக்கிற சத்தத்தில் விழித்துக் கிடந்தேன்.
வெட்டிய மரம் ஒன்றுகூட
இத்தனை வருஷத்தில் என்னை எழுப்பியதில்லை.

விடிந்ததும் முதல் பஸ்.
பீலியடியில் வெள்ளைத்தாயி, நிமிராமலே,
"நிக்குது, நிக்குது.
தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறு."